பால் வாளியோடு நடந்த தூரம்

எங்கள் பண்ணை கோபிசெட்டிபாளையத்துக்குத் தெற்கே, கீழ்பவானி வாய்க்கால் பாசனத்தில் இருக்கிறது. கன்று, கிடாரி, சினை மாடு எல்லாம் சேர்த்து 90 உருப்படிகள். அவற்றில் 62 மாடுகள் கறவையில் இருக்கின்றன. பெரும்பாலும் எங்கள் பக்கம் சிந்து மாடு என்று சொல்லப்படும் ஜெர்சிக் கலப்பினம்தான். ஆயிரக்கணக்கில் மாடு வைத்திருக்கும் வெளிநாட்டுப் பண்ணைகளோடு ஒப்பிட்டால் இது சிறியது. ஆனால் வீட்டுக்கு இரண்டு, மூன்று மாடு கட்டிப் பிழைக்கும் ஊரில் இது பெரிய பண்ணை. மூன்று மாடு இருக்கும் வீட்டில் வேலையை யாரும் உட்கார்ந்து திட்டமிடுவதில்லை, அதற்கான தேவையும் இல்லை. 60 மாடு ஆகிவிட்டால், ஒரு மாட்டுக்கு வீணாகும் ஒரு நிமிடம் ஒரு வேளைக்கு ஒரு மணி நேரமாகிறது; அந்த ஒரு மணி நேரம் யாரோ ஒருவருடைய தூக்கத்திலிருந்துதான் எடுக்கப்படுகிறது. இதை நான் புரிந்துகொள்ளவே பல ஆண்டுகள் ஆயின.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு எங்களுக்கு இருந்த பெரிய துன்பம் ஆள் நிற்காததுதான். தீவன விலை ஏறினால் கடன் வாங்கியாவது சமாளிக்கலாம். விடிகாலைக் கறவைக்கு ஆள் வரவில்லை என்றால் மடி காத்திருக்காது. ஒரே ஆண்டில் நான்கு பேர் வேலையை விட்டுப் போனார்கள். அவர்களில் கைக்கறவையில் மிகவும் தேர்ந்த ஒருவர் இருந்தார், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். சம்பளத்தை உயர்த்தித் தருகிறேன், இருந்துவிடுங்கள் அண்ணா என்று அவரிடம் நான் கேட்டேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "சம்பளம் பத்தலைன்னு போகலீங்க தம்பி, தூக்கம் பத்தலீங்க" என்றார். அன்று இரவு நான் முதன்முறையாக எங்கள் ஆட்களின் ஒரு நாளை மணிக்கணக்காக எழுதிப் பார்த்தேன். இரண்டே முக்காலுக்கு எழுந்து, மூன்றேகாலுக்குக் கறவை தொடங்கி, பால் வண்டி வரும் ஆறே முக்கால் வரை கறந்து, ஒன்பதரை வரை சாணி வழித்துக் கழுவி, பின்பு தீவனம் அறுத்து, மதியம் இரண்டு மணிக்கு மீண்டும் கறவையில் உட்கார்ந்து, இரவு எட்டு மணிக்குத்தான் அவர்கள் கை ஓய்ந்தது. சமைத்துச் சாப்பிட்டுப் படுக்கும்போது பத்து ஆகிவிடும். ஐந்து மணி நேரத் தூக்கம்கூட இல்லாத ஒரு வாழ்க்கையை நான் ஆட்களுக்குக் கொடுத்துவிட்டு, இந்தக் காலத்தில் யாரும் வேலை செய்ய விரும்புவதில்லை என்று ஊரில் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அடுத்த வாரம் முழுவதும் நானும் இரண்டே முக்காலுக்கு எழுந்தேன். கையில் ஒரு நோட்டுப் புத்தகமும் கடிகாரமும் மட்டும் வைத்துக்கொண்டு, கொட்டிலின் நடுவில் இருக்கும் கல் திண்ணையில் உட்கார்ந்து, ஒரு நாளைக்கு ஒருவர் என்று வைத்து அவர் என்ன செய்கிறார் என்பதை நிமிடம் விடாமல் எழுதினேன். எதற்காக இப்படிச் செய்கிறேன் என்பதை முன்கூட்டியே எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். சொல்லாமல் செய்திருந்தால் வேவு பார்க்கிறேன் என்று நினைத்திருப்பார்கள், நினைப்பதும் நியாயம்தான். முதல் நாள் கணக்கே என்னைத் திகைக்க வைத்தது. மூன்றரை மணி நேரக் கறவையில், அந்த ஒருவருடைய கை மடியிலோ காம்பிலோ இருந்த நேரம் 1 மணி 20 நிமிடம்தான். மீதி நேரமெல்லாம் நடப்பதிலும், காத்திருப்பதிலும், எடுத்து வர மறந்த ஒன்றை எடுத்து வரத் திரும்பிப் போவதிலும் போயிருந்தது. துடைக்கும் துணி ஓரிடத்தில், காம்பு முக்கும் மருந்து இன்னோரிடத்தில், அடர்தீவன மூட்டை கிழக்குக் கோடியில், பால் கேன் மேற்குக் கோடியில். அவர் சோம்பி இருந்த நேரம் என்று எழுத அந்த நோட்டில் ஒரு வரிகூட எனக்குக் கிடைக்கவில்லை.

ஓர் எடுத்துக்காட்டை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். எங்கள் கொட்டிலின் நீளம் 45 மீட்டர். பால் அறை மேற்கு முனையிலிருந்து 12 மீட்டர் தள்ளி இருக்கிறது. எடைத் தராசு அந்த அறைக்குள் இருந்ததால், ஒவ்வொரு மாட்டின் பாலையும் தனித்தனியாக அங்கே எடுத்துச் சென்று, நிறுத்து, ஏட்டில் குறித்து, வடிகட்டிக் கேனில் ஊற்றிவிட்டு வெறும் வாளியோடு திரும்ப வேண்டியிருந்தது. ஒரு மாட்டுக்குச் சராசரியாகப் போக 35 மீட்டர், வர 35 மீட்டர். 62 மாட்டுக்கு ஒரு வேளையில் 4,340 மீட்டர். இரண்டு வேளைக்கு எட்டரைக் கிலோமீட்டருக்கும் மேல். பால் வாளியோடு எங்கள் ஆட்கள் ஒவ்வொரு நாளும் கோபியைத் தாண்டி நடந்திருக்கிறார்கள். தராசைத் தவிர வேறு எதற்காகவும் அந்த நடை தேவைப்படவில்லை.

ஊரில் இருக்கும் பட்டறையில் சொல்லி, இரண்டு கேன் பிடிக்கும் ஒரு தள்ளுவண்டியைச் செய்தோம். அதன் மேல் ஒரு கம்பியை வளைத்து, தொங்கு தராசை அதில் மாட்டினோம்; பக்கத்தில் துணிக்கு ஒரு தட்டு, மருந்துக் குவளைக்கு ஒரு வளையம், ஏட்டுக்கு ஒரு பலகை. கறப்பவர் நகர நகர வண்டியும் கூடவே நகரும். ஐந்து மீட்டருக்குள் பால் நிறுக்கப்பட்டுக் கேனுக்குள் போய்விடுகிறது. காலையில் கிடைக்கும் ஏறக்குறைய 370 லிட்டருக்கு வண்டி ஐந்து முறை பால் அறைக்குப் போய் வந்தால் போதும். தரை மேடுபள்ளமாக இருந்த இரண்டு இடங்களில் சிமெண்ட் பூசி, வண்டிக்கு அகலமான ரப்பர் சக்கரம் போட்ட பிறகு கேன் ததும்புவதும் நின்றது. வண்டிக்கு ஆன செலவு ஒரு கறவை மாட்டின் விலையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. இவ்வளவு எளிய ஒன்று இத்தனை ஆண்டுகள் எங்கள் கண்ணில் படாததற்கு, நாங்கள் யாருமே வாளியோடு நடந்து பார்க்காமல் கணக்கேட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்ததுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

அடுத்து கறவை எந்திரம். எங்களிடம் நான்கு வாளி எந்திரங்கள் ஏற்கெனவே இருந்தன. மடியில் மாட்டும் நான்கு குவளைத் தொகுதியை நாங்கள் கிளஸ்டர் என்றே சொல்கிறோம். வாங்கியபோது கறவை நேரம் பாதியாகக் குறையும் என்று எங்களுக்குச் சொல்லப்பட்டது, நாங்களும் நம்பினோம். நேரம் குறையவில்லை, அதோடு இரண்டு மாதத்துக்குள் மடிநோய் கூடியது. காம்பு நுனிகள் சொரசொரப்பாகி, சில மாடுகள் கிளஸ்டரைக் கண்டாலே உதைக்கத் தொடங்கின. எந்திரத்தில் பழுதில்லை. விற்றவர்கள் மாட்டச் சொல்லிக் கொடுத்தார்கள், எப்போது மாட்ட வேண்டும் என்பதை அவர்களும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அந்தப் பிழைக்கான விலையை மாடுகள் கொடுத்தன என்பதுதான் இன்றும் எனக்கு வருத்தம்.

மடியில் இருக்கும் பாலில் பெரும்பகுதி காம்புக்கு மேலே உள்ள அறையில் இருப்பதில்லை. மடிக்குள் இருக்கும் நுண்ணிய பால் அறைகளில் இருக்கிறது. அதைக் கீழே தள்ளுவதற்கு மாட்டின் மூளையிலிருந்து ஆக்சிடோசின் என்ற இயக்குநீர் (ஹார்மோன்) சுரந்து, இரத்தத்தின் வழியே மடிக்கு வந்து சேர வேண்டும். காம்பைத் துடைத்து, முன்பாலை இரண்டு மூன்று பீய்ச்சு பீய்ச்சிய பிறகு, ஏறக்குறைய 60 முதல் 90 விநாடிகளில் பால் இறங்கும். எங்கள் பக்கம் இதை மாடு சுரப்பு விடுவது என்பார்கள். அந்தச் சுரப்பின் வேகம் ஐந்து முதல் ஏழு நிமிடம்தான் நிற்கும். கன்றை ஊட்டவிட்டுக் கறந்த நம் முன்னோர்களுக்கு இந்த நேரக் கணக்கு கையிலேயே இருந்தது. கன்று முட்டி முட்டி ஊட்டும் அந்த ஒரு நிமிடம்தான் இது. நாங்கள் செய்துவந்ததோ இதற்கு நேர்மாறு. சில மாடுகளுக்குத் துடைத்த கையோடு கிளஸ்டரை மாட்டினோம். பால் இறங்குவதற்கு முன்பே வெறும் காம்பை எந்திரம் இழுத்தது. சில வேளைகளில் வேலை மிச்சம் என்று பத்து மாடுகளுக்கும் சேர்த்து ஒரே மூச்சில் துடைத்துவிட்டு வந்தோம். பத்தாவது மாட்டுக்கு முறை வரும்போது சுரப்பு அடங்கிவிட்டிருந்தது. பால் முடிந்த பிறகும் கிளஸ்டரைக் கழற்ற ஆள் இல்லாமல் இரண்டு, மூன்று நிமிடம் காம்பு காற்றிலேயே இழுபட்டது. மருத்துவர் வந்து ஒரு காலைக் கறவையை முழுதாகப் பார்த்துவிட்டுச் சொன்ன பிறகே எங்களுக்கு இது விளங்கியது.

இப்போது ஒருவர் இரண்டு கிளஸ்டர்களை மட்டும் பார்த்துக்கொள்கிறார். முதல் மாட்டின் காம்பை மருந்தில் முக்கி, முன்பாலைக் கறுப்புத் தட்டில் பீய்ச்சி, மடிநோயின் அறிகுறியான திரி (பால் கட்டி) இருக்கிறதா என்று பார்த்து, தனித் துணியால் துடைக்கிறார். உடனே மாட்டுவதில்லை. இரண்டாவது மாட்டுக்கும் இதே வேலையைச் செய்துவிட்டு முதல் மாட்டுக்குத் திரும்பும்போது ஒரு நிமிடத்துக்குச் சற்று அதிகம் ஆகியிருக்கும்; சரியாக அப்போது கிளஸ்டரை மாட்டுகிறார். பின்பு இரண்டாவது மாடு. காத்திருப்பு என்று தனியாக எதுவும் இல்லை, ஒரு மாட்டுக்கான காத்திருப்பிலேயே இன்னொரு மாட்டின் வேலை முடிந்துவிடுகிறது. மாட்டிய கிளஸ்டரின் குழாயில் பால் மெலிந்து நூலாகும்போது காற்றை நிறுத்திவிட்டுத்தான் கழற்ற வேண்டும், இழுத்துக் கழற்றக் கூடாது. கழற்றியவுடன் காம்பை அயோடின் மருந்தில் முக்கியாக வேண்டும். இந்த வரிசை ஆட்களின் கைக்குப் பழக மூன்று வாரம் ஆனது. பழகிய பிறகு, புதிதாக ஓர் எந்திரம்கூட வாங்காமல், 62 மாட்டின் கறவை இரண்டு மணி நேரத்தில் முடிந்தது. சுரப்பு விடாத மாட்டுக்கு ஆக்சிடோசின் ஊசி போடும் கொடிய பழக்கம் சில இடங்களில் இன்னும் இருக்கிறது. ஒரு நிமிடம் பொறுத்திருந்தால் மாடு தானாகவே தரும் ஒன்றுக்காக அதை வதைக்கிறார்கள் என்பதை நினைக்கும்போது மனம் பொறுக்கவில்லை.

மாடுகளைக் கறக்கும் வரிசையையும் மாற்றினோம். தலையீற்று மாடுகள் முதலில், நோயில்லாத மற்ற மாடுகள் அடுத்து, மடிநோய் வந்து சிகிச்சையில் இருப்பவை கடைசியில். முன்பு கட்டியிருந்த இடத்தின் வரிசையிலேயே கறந்ததால், நோய் மாட்டுக்குப் போட்ட கிளஸ்டரைக் கழுவுவதற்கென்று நடுவில் நிறுத்த வேண்டியிருந்தது. அவசரத்தில் கழுவாமலும் போனது. மருந்து ஏறிய மாட்டின் பாலைக் கேனில் கலந்துவிடாமலிருக்க, அதன் பின்னங்காலில் சிவப்புப் பட்டை கட்டுகிறோம். எங்கள் ஆட்களில் இப்போது இரண்டு குடும்பங்கள் ஒடிசாவிலிருந்து வந்தவர்கள். தமிழ் ஓரளவு பேசுவார்கள், படிக்கத் தெரியாது. சிவப்புப் பட்டையைப் புரிந்துகொள்ள எந்த மொழியும் தேவையில்லை. பால் அறைச் சுவரில் எழுதி ஒட்டியிருந்த விதிமுறைத் தாளைக் கிழித்துவிட்டு, அவர்கள் கையையே படமெடுத்து, வேலை நடக்கும் வரிசையில் ஒட்டியிருக்கிறோம்.

இங்கே பெரிய பண்ணைகளின் வரலாற்றிலிருந்து ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். கறவை எந்திரத்தை மாட்டுக்கு இதமாக்கியது, 1895இல் கிளாஸ்கோவைச் சேர்ந்த அலெக்சாண்டர் ஷீல்ட்ஸ் கொண்டுவந்த, விட்டு விட்டு உறிஞ்சும் முறை. காம்பை விடாமல் இழுக்காமல், கன்று ஊட்டுவதுபோல் இழுத்து விட்டு இழுப்பது. நிமிடத்துக்கு ஏறக்குறைய 60 முறை டக், டக் என்று இன்று எங்கள் கொட்டிலில் கேட்பதும் அதே துடிப்புதான். ஆனால் கறப்பவரின் முதுகைப் பற்றி யோசிக்க இன்னும் பல ஆண்டுகள் ஆயின. நியூசிலாந்தின் வைகாட்டோ பகுதியில் ரான் ஷார்ப் என்ற பண்ணையாளர், 1952இல், மாடுகளை மீன் முள் வரிசைபோலச் சாய்வாக நிறுத்தி, நடுவில் ஆள் நிற்க ஒரு குழியை அமைத்தார். மாடு மேலே, ஆள் கீழே; குனியவே வேண்டாம், மடி கைக்கு நேராக இருக்கும். சாய்வாக நிற்பதால் ஒரு மடிக்கும் அடுத்த மடிக்கும் இடையே உள்ள தூரமும் குறைந்துவிடுகிறது. மாட்டைச் சுழலும் மேடையில் ஏற்றி ஆளை நோக்கிக் கொண்டுவரும் அமைப்பு அதற்கும் முன்பே, 1930இல், அமெரிக்காவின் நியூஜெர்சியில் வாக்கர்-கார்டன் பண்ணையில் வந்துவிட்டது. ஒரே சுற்றில் 50 மாடுகள் நிற்கும் மேடை அது. இந்த இரண்டிலும் எனக்குப் பிடித்தது ஒன்றுதான்: ஆள் மாட்டைத் தேடி நடப்பதையும் குனிவதையும் ஒழிக்க வேண்டும் என்று அங்கே யோசித்திருக்கிறார்கள். நாம் எண்ணிக்கையை முதலில் பெருக்கிவிட்டு, நடையையும் குனிவையும் ஆட்களின் தலையில் வைத்துவிடுகிறோம்.

கடந்த ஆண்டு நாங்களும் ஒரு குழி வெட்டினோம். மூன்று அடிக்குச் சற்றுக் குறைவான ஆழம், இரண்டு பக்கமும் ஐந்தைந்து மாடுகள், நடுவில் ஐந்து கிளஸ்டர்கள். ஒரு பக்கம் கறந்துகொண்டிருக்கும்போதே மறுபக்கத்து மாடுகள் மாறி நிற்கும். கிளஸ்டரை அப்படியே அந்தப் பக்கம் திருப்பி மாட்டிவிடலாம். இரண்டு பேர் ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிடுகிறார்கள். மூட்டு வலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே கறவைக்கு வந்த ஓர் அக்கா, இப்போது நிமிர்ந்து நின்றே வேலை செய்கிறார். ஆனாலும் 40 மாட்டுக்குக் குறைவாக வைத்திருப்பவர்கள் என்னிடம் கேட்டால், குழியைப் பற்றி யோசிப்பதற்கு முன்பு தள்ளுவண்டியைச் செய்யுங்கள், துடைக்கும் வரிசையைச் சரிசெய்யுங்கள் என்றுதான் சொல்வேன். எங்களுக்கு மிச்சமான நேரத்தில் முக்கால் பங்கு குழி வெட்டுவதற்கு முன்பே மிச்சமானது.

கறவை நேரம் சுருங்கியதும் தொடங்கும் மணியைத் தள்ளி வைத்தோம். மாடு மணியை நன்றாக அறியும். மூன்று மணிக்கெல்லாம் மடி கனத்து, கதவைப் பார்த்துக்கொண்டு நிற்கும். அதனால் மூன்று நாளுக்கு ஒருமுறை 15 நிமிடம் என்று தள்ளி, மூன்றேகாலை இரண்டு வாரத்தில் நாலரை ஆக்கினோம். குழி வந்த பிறகு ஐந்து மணி ஆனது. மாலைக் கறவையை இரண்டிலிருந்து மூன்றரைக்கும், பின்பு நான்கு மணிக்கும் மாற்றினோம். இரண்டு கறவைக்கும் இடையே 11 மணி, 13 மணி என்று இடைவெளி இருந்தால் எங்கள் மாடுகளைப் போல ஒரு நாளைக்குப் பத்து, பன்னிரண்டு லிட்டர் தரும் மாட்டுக்குக் குறை ஒன்றும் வருவதில்லை. முதல் வாரம் மட்டும் ஏட்டில் பால் சற்றுக் குறைந்தது, பின்பு பழைய நிலைக்கு வந்துவிட்டது. மதிய வெயிலில் கறக்காததால் சித்திரை, வைகாசியில் மாடுகள் இரைப்பதும் குறைந்தது. ஆட்கள் இப்போது நாலரைக்கு எழுகிறார்கள்.

தீவனத்தில் செய்த மாற்றம் இன்னும் பெரியது என்றே சொல்லலாம். எங்கள் 90 உருப்படிகளுக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய இரண்டு டன் பசுந்தீவனம் வேண்டும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 2008இல் வெளியிட்ட கோ 4 என்ற கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்தான் எங்களிடம் அதிகம். நட்டு 75 நாளில் முதல் அறுப்பு, அதன் பின்பு 45 நாளுக்கு ஒன்று. புல்லில் குறையில்லை, அதை அறுத்துச் சுமக்கும் வேலைதான் பெரிது. புல் வயல் பண்ணைக்கு அப்பால் வாய்க்கால் ஓரமாகவும், மஞ்சள் வயல் கொட்டிலை ஒட்டியும் இருந்தன. ஆண்டுக்கு ஒருமுறை அறுவடையாகும் மஞ்சளை அருகிலும், ஒவ்வொரு நாளும் அறுக்க வேண்டிய புல்லைத் தொலைவிலும் வைத்திருந்ததை இப்போது நினைத்தால் வியப்பாக இருக்கிறது. இரண்டையும் இடம் மாற்றினோம். புல் நறுக்கும் எந்திரத்தையும் கொட்டிலின் தீவன வாசலுக்கே கொண்டுவந்து, நறுக்கிய புல் நேராக வண்டியில் விழும்படி வைத்தோம்.

அதோடு, ஆண்டுக்கு இரண்டு முறை மக்காச்சோளத்தை ஊறுகாய்ப்புல்லாகப் போட்டு வைக்கிறோம். கதிரில் மணி பால் பிடித்து, மாவாக இறுகத் தொடங்கும் பருவத்தில் தட்டோடு அறுத்து, இரண்டு சென்டிமீட்டர் அளவுக்கு நறுக்கி, குழியில் அடுக்கடுக்காகக் கொட்டி, டிராக்டரை ஏற்றி மிதித்து, காற்றுப் புகாமல் தார்ப்பாயால் மூடி, மேலே பழைய டயர்களை வைத்துவிட்டால் ஒன்றரை மாதத்தில் பதமாகிவிடும். பிடித்துப் பிழிந்தால் கையில் நீர் சொட்டக் கூடாது, அதே நேரத்தில் உருண்டை உடனே உதிர்ந்துவிடவும் கூடாது. அந்த ஈரம்தான் சரி. நன்றாக வந்த குழியைத் திறந்தால் புளித்த பழ வாசனை அடிக்கும். இரண்டு, மூன்று நாள் வாடகை எந்திரத்தையும் கூடுதல் ஆட்களையும் வைத்து முடித்துவிடும் இந்த வேலை, பல மாதங்களுக்கு அன்றாட அறுப்பைப் பாதியாகக் குறைக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் சேற்றுக்குள் நின்று நனைந்த புல்லை அறுத்துச் சுமந்தவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும்.

தண்ணீரையும் சாணியையும் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். வெயில் காலத்தில் ஒரு கறவை மாடு 80 லிட்டர் வரை குடிக்கும்; அதைக் குழாய் பிடித்து ஊற்றிக்கொண்டிருந்தது எங்கள் அறியாமை. மிதவை வால்வு போட்ட தொட்டிகளை இணைத்துவிட்டோம், நாளொன்றுக்கு ஒருவருடைய ஒன்றரை மணி நேரம் மிச்சமானது, இரவிலும் மாட்டுக்குத் தண்ணீர் கிடைக்கிறது. கறவை மாடுகளின் சாணி மட்டும் ஒரு நாளைக்கு ஒன்றரை டன் வரும். முன்பு 45 மீட்டரையும் ஒரே திசையில் வழித்துத் தள்ளினோம். இப்போது நடுவிலிருந்து இரு பக்கமும் தள்ளி, இரு முனையிலும் குழிக்குள் விடுகிறோம்.

பண்ணையைப் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி, இதனால் எத்தனை ஆட்களைக் குறைத்தீர்கள் என்பதுதான். ஒருவரையும் குறைக்கவில்லை. அன்றும் ஆறு பேர், இன்றும் ஆறு பேர். கிடைத்த நேரத்தில் முதல் பங்கு அவர்களுக்கே போயிற்று: தூக்கம், வாரத்துக்கு ஒரு நாள் முழு விடுப்பு. மாட்டுப் பண்ணையில் வார விடுப்பு நடக்காத காரியம் என்று எனக்கு அறிவுரை சொன்னவர்கள் பலர். ஆறு பேரும் எல்லா வேலையையும் கற்றுக்கொண்டு, ஐந்து பேரைக் கொண்டு எந்த நாளும் நடத்த முடியும் என்றால் அது நடக்கும், நடந்துகொண்டிருக்கிறது. கடந்த ஒன்றரை ஆண்டில் யாரும் வேலையை விட்டுப் போகவில்லை.

இரண்டாவது பங்கு மாட்டைப் பார்ப்பதற்குப் போயிற்று. வேலையில் ஓடிக்கொண்டிருப்பவர் மாட்டைத் தொடுவார், கறப்பார், தீவனம் போடுவார், ஆனால் பார்க்கமாட்டார். பார்க்க நேரம் இருக்காது. ஒரு மாடு பருவத்துக்கு வந்தால் 12 முதல் 18 மணி நேரம்தான் அறிகுறி தெரியும். கண்ணாடிபோல் வழும்பு ஒழுகும், மற்ற மாட்டின் மேல் தாவும், தன் மேல் தாவவும் நின்று கொடுக்கும், தீவனத்தில் நாட்டம் குறையும். காலையில் கண்டால் மாலையில் சினை ஊசி போட வேண்டும், மாலையில் கண்டால் மறுநாள் காலையில். தவறவிட்டால் அடுத்த 21 நாள் காத்திருக்க வேண்டும். எங்கள் கணக்கில் ஒரு மாட்டுக்கு ஒரு நாளைக்குத் தீவனம் மட்டும் 200 ரூபாய் என்றால், ஒரு முறை கவனிக்காமல் விட்டதற்கு 4,200 ரூபாய் போகிறது. இப்போது காலைக் கறவை முடிந்ததும் அரை மணி நேரம், இரவு எட்டரைக்கு அரை மணி நேரம், ஒருவர் கையில் ஒரு வேலையும் இல்லாமல் கொட்டிலைச் சுற்றி வருகிறார். எந்த மாடு அசை போடவில்லை, எது காலைத் தாங்கி நடக்கிறது, எது தனியாக ஒதுங்கி நிற்கிறது என்று பார்ப்பது மட்டுமே அவருடைய வேலை. தொடக்கத்தில் அவர்களுக்கே இது கூச்சமாக இருந்தது. சும்மா நிற்பதைப் பார்த்தால் நான் ஏதாவது சொல்வேனோ என்று கையில் ஒரு மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அதை வாங்கி வைத்துவிட்டு, இதற்கும் சேர்த்துத்தான் சம்பளம் என்று சொல்ல வேண்டியிருந்தது. சென்ற மாதம் அந்த ஒடிசாக் குடும்பத்து அக்கா, இரவுச் சுற்றில், மறுநாள் ஈனும் என்று நாங்கள் நினைத்திருந்த மாடு வாலைத் தூக்கித் தூக்கி வைப்பதைப் பார்த்துவிட்டு என்னை எழுப்பினார். கன்றின் ஒரு கால் மடங்கியிருந்தது. மருத்துவர் வந்து சரிசெய்து எடுத்தார்; தாயும் கன்றும் பிழைத்தன. விடியும் வரை யாரும் பார்க்காமல் இருந்திருந்தால் இரண்டையும் இழந்திருப்போம்.

கொட்டிலுக்குள் தடி எடுப்பதையும் கத்துவதையும் அறவே நிறுத்தியிருக்கிறோம். மிரண்ட மாட்டின் உடலில் சுரக்கும் அட்ரினலின், பால் இறங்குவதைத் தடுத்துவிடும். கத்தி விரட்டி இரண்டு நிமிடம் முன்னால் கொண்டுவந்து நிறுத்திய மாட்டுக்கு, சுரப்பு விட ஐந்து நிமிடம் கூடுதலாகக் காத்திருக்க நேரும். தூங்கி எழுந்து வருகிற ஆட்களுக்குக் கத்த வேண்டிய தேவையும் பெரும்பாலும் வருவதில்லை என்பதை நான் கண்கூடாகப் பார்க்கிறேன்.

இன்னும் சரியாகாமல் இருப்பது கன்றுக் கொட்டில். அது பால் அறையிலிருந்து 60 மீட்டர் தள்ளி, வேப்ப மரத்துக்கு அப்பால் இருக்கிறது. ஈன்ற ஒரு மணி நேரத்துக்குள் கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு சீம்பால் உள்ளே போக வேண்டும். 30 கிலோ கன்றுக்கு மூன்று லிட்டர். அதன் பின்பும் வேளை தவறாமல் இளஞ்சூட்டில் பால் கொடுக்க வேண்டும். மார்கழிக் குளிரில் அந்த 60 மீட்டரைக் கடப்பதற்குள் வாளியின் பால் ஆறிவிடுகிறது, திரும்பச் சூடாக்க வேண்டியிருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை நானும் அந்த அக்காவும் நாடாவைப் பிடித்து, பால் அறையின் கிழக்குச் சுவரை ஒட்டி இடம் அளந்தோம். காலை வெயில் படுகிற இடம், வாடைக்காற்று நேராக அடிக்காது. நான்கு மூலையிலும் முளை அடித்தாயிற்று. பொங்கல் கழிந்ததும் கூரை வேலைக்கு ஆள் வருகிறார்கள்.